16 என்று அச்சிட்டு 15 வைத்தால்: ஒரு பிஸ்கட் வழக்கின் ஆய்வு

2021 டிசம்பரில் சென்னை மணலியில் ஒருவர், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காகச் சில்லறைக் கடை ஒன்றில் இரண்டு டஜன் பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். ஐ.டி.சி. நிறுவனத்தின் சன்ஃபீஸ்ட் மேரி லைட். உறையில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருந்தது. பிரித்து எண்ணினால் 15. கடையில் கேட்டார், நிறுவனத்திடம் கேட்டார். சரியான பதில் வரவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். 2023 ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது: புகார்தாரருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு, வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாய், அந்தக் குறிப்பிட்ட பேட்ச் பிஸ்கட்டின் விற்பனையை நிறுத்த வேண்டும்.

'ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சம்' என்று செய்தி பரவியபோது பெரும்பாலோர் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். நாய்க்குப் போட வாங்கிய பிஸ்கட்டுக்கு வழக்கா என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே பதில் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்காத எவரும் நுகர்வோர்தான். வாங்கியதைத் தானே தின்றாரா, பிறருக்குக் கொடுத்தாரா, நாய்க்குப் போட்டாரா என்று யாரும் கேட்க முடியாது. காசு கொடுத்தார், பொருள் வாங்கினார், அவ்வளவுதான்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடையில் பொருள் வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பல சங்கதிகள் இந்தச் சின்ன வழக்கில் இருக்கின்றன. முக்கியமானது ஒன்று: நிறுவனம் தன் உறையில் எதை எழுதுகிறதோ, அதுவே அதற்கு எதிரான சாட்சியாகிவிடும்.

எடைக்கு விற்றோம் என்ற வாதம்

ஐ.டி.சி. தரப்பு சொன்னது சுருக்கமானது. பிஸ்கட்டை எடைக்குத்தான் விற்கிறோம், எண்ணிக்கைக்கு விற்கவில்லை. உறையில் நிகர எடை 76 கிராம் என்று இருக்கிறது, அதைப் பாருங்கள். ஆணையமும் அதைப் பார்த்தது. 15 பிஸ்கட் இருந்த பாக்கெட்டுகளை நிறுத்தபோது உள்ளே இருந்தது 74 கிராம். அதற்கும் நிறுவனத்திடம் பதில் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் இந்த அளவுள்ள பொட்டலத்துக்கு 4.5 கிராம் வரை பிழையை அனுமதிக்கின்றன, 2 கிராம் குறைவு அந்த வரம்புக்குள் அடங்கிவிடும் என்றது.

இந்த இடத்தில் பேனா எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 76 கிராமை 16-ஆல் வகுத்தால் ஒரு பிஸ்கட் 4.75 கிராம் இருக்க வேண்டும். கையில் கிடைத்த பாக்கெட்டில் 15 பிஸ்கட் 74 கிராம், அதாவது ஒன்று ஏறத்தாழ 4.93 கிராம். ஒவ்வொரு பிஸ்கட்டும் கொஞ்சம் கனமாகவே வந்திருக்கிறது. அதே கனத்தில் 16 வைத்திருந்தால் மொத்தம் 79 கிராமை நெருங்கியிருக்கும், நிறுவனத்துக்கு 3 கிராம் நஷ்டம். 15 வைத்தால் வாங்குபவருக்கு 2 கிராம் நஷ்டம்.

பிஸ்கட் ஆலையில் மாவின் பதமும் அடுப்பின் சூடும் மாறினால் பிஸ்கட்டின் தடிமனும் கனமும் மாறும். ஆகவே வேண்டுமென்றே ஒன்றை எடுத்தார்கள் என்று இந்தக் கணக்கை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. இயந்திரத்தின் வேலையாகவும் இருக்கலாம். ஆனால் நுகர்வோர் சட்டத்துக்கு நோக்கம் தேவையில்லை. திருடும் எண்ணம் இருந்ததா என்று குற்றவியல் நீதிமன்றம் கேட்கும். நுகர்வோர் ஆணையம் கேட்பது, சொன்னதைக் கொடுத்தாயா என்பதை மட்டும்.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிகிறது. எடையை அளவாக வைத்தால் குறைவு 2.6 சதவீதம், எண்ணிக்கையை வைத்தால் 6.25 சதவீதம். ஒரே பாக்கெட்தான். எந்த அளவுகோலால் அளப்பது என்பதைப் பொறுத்து அது விதிக்குள் அடங்கும் சின்னப் பிழையாகவும் தெரியும், ஒரு முழு பிஸ்கட் பற்றாக்குறையாகவும் தெரியும். எந்த அளவுகோலை வைப்பது என்பதுதான் வழக்கே.

ஆணையம் சொன்ன பதில்

ஆணையம் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டது. உறையில் 16 என்று தெளிவாக எழுதிவிட்டு, எடையை மட்டும் பார் என்று சொல்வதை ஏற்க முடியாது என்றது. உறையில் அச்சிட்ட தகவலைப் பார்த்துத்தான் வாங்குபவர் முடிவெடுக்கிறார், பொருளுக்கு அவர் மனத்தில் தரும் மதிப்பும் அந்தத் தகவலால்தான் கூடுகிறது என்பது அதன் நியாயம். நேர்மையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு இரண்டும் நடந்திருக்கின்றன என்று முடிவு செய்தது.

இந்தப் பகுதியில் ஆணையம் சரியான இடத்தில்தான் நின்றது என்பது என் கருத்து. 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைக்கான விளக்கத்தைப் படித்தால், பொருளின் தரம், வகை, அளவு பற்றிப் பொய்யாகச் சொல்வது தொடக்கத்திலேயே வருகிறது. பொருளில் உள்ள குறைபாடு என்பதற்கான விளக்கத்திலும் அளவில் வரும் குறை சேர்க்கப்பட்டிருக்கிறது. எடைக்கு விற்கும் பொருளின் உறையில் எண்ணிக்கையையும் போட்டாக வேண்டும் என்று நிறுவனத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாக்கெட்டைக் கையில் எடுப்பவருக்கு 76 கிராம் என்பதைவிட 16 என்பது சட்டென்று புரியும் என்பதால்தான் அதை எழுதுகிறார்கள். விற்க உதவும்போது இருந்த அந்த எண், வழக்கு வந்ததும் இல்லாமல் போய்விடுமா?

ஆனால் உத்தரவின் இன்னொரு பகுதி அவ்வளவு உறுதியாக இல்லை. 4.5 கிராம் சலுகை, நாளாக ஆக எடை குறையக்கூடிய, ஆவியாகும் தன்மையுள்ள பொருட்களுக்கு மட்டும்தான், பிஸ்கட்டுக்குப் பொருந்தாது என்று ஆணையம் சொன்னது. விதிகளின் முதல் அட்டவணையை நான் படித்த வரையில் அப்படியொரு கட்டுப்பாடு அதில் தென்படவில்லை. 50 முதல் 100 கிராம் வரை 4.5 கிராம், 100 முதல் 200 வரை 4.5 சதவீதம், 200 முதல் 300 வரை 9 கிராம் என்று எடையை வைத்துத்தான் வரம்பு போகிறது. சுற்றுச்சூழலால் எடை மாறும் பொருட்களுக்கு, 'பொட்டலமிட்டபோது' இருந்த அளவு என்று குறிப்பிட அனுமதிக்கும் ஏற்பாடு அதே விதிகளில் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதுபோலப் படுகிறது.

எடை வாதத்துக்கு இதைவிட வலுவான பதில் அதே விதிகளிலேயே உண்டு. பிழை வரம்பு என்பது தனித்தனிப் பாக்கெட்டுக்கு. ஆய்வுக்காக எடுத்த பாக்கெட்டுகளின் சராசரி எடை, உறையில் அறிவித்த எடைக்குக் கீழே போகக் கூடாது. ஒன்றில் 74, இன்னொன்றில் 78 என்று ஏறி இறங்கினால் அது இயந்திரத்தின் இயல்பு. எல்லாவற்றிலும் 74 என்றால் 'வரம்புக்குள்தானே இருக்கிறது' என்று சொல்லித் தப்ப வழியில்லை. அந்தச் சலுகை ஏற்ற இறக்கத்துக்காகக் கொடுத்தது. கொடுத்த வரம்பையே அளவாக வைத்துக் குறைத்துக் கட்டுவதற்காக அல்ல.

100 கோடி கேட்டு 1 லட்சம் வாங்கியது

புகாரில் கேட்ட தொகைகள் பெரியவை. நிறுவனத்துக்கு 100 கோடி ரூபாய் அபராதம், தனக்கு 10 லட்சம் இழப்பீடு. நிறுவனம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 லட்சம் பாக்கெட் தயாரிக்கிறது, பிஸ்கட் ஒன்று 75 காசு, ஆக மக்களிடமிருந்து தினமும் 29 லட்சம் ரூபாய்க்கு மேல் ஏமாற்றப்படுகிறது என்பது புகார்தாரரின் கணக்காகச் செய்திகளில் வந்தது. 50 லட்சத்தை 75 காசால் பெருக்கினால் 37.5 லட்சம் வருகிறது. 29 லட்சத்துக்கு எப்படி வந்தார்கள் என்பது அந்தச் செய்திகளில் இல்லை. அதைவிட முக்கியம், அத்தனை பாக்கெட்டிலும் ஒன்று குறைவு என்பதற்குச் சான்று வேண்டும். அது வழக்கில் இல்லை. சமூக வலைத்தளங்களில் இன்றும் 'தினமும் 29 லட்சம் சுருட்டிய கம்பெனி' என்று சுற்றுகிறது. உத்தரவு அப்படிச் சொல்லவில்லை. அது பேசியது ஒரே ஒரு பேட்சைப் பற்றி.

சரி, இவ்வளவு பெரிய தொகை கேட்ட வழக்கு மாவட்ட ஆணையத்தில் எப்படி நடந்தது? பழைய 1986 சட்டத்தில், பொருளின் விலையோடு கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துத்தான் எந்த ஆணையத்துக்குப் போவது என்று தீர்மானித்தார்கள். அந்தக் கணக்குப்படி 100 கோடி என்று எழுதினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். 2019 சட்டம் இதை மாற்றிவிட்டது. பொருளுக்குக் கொடுத்த விலை மட்டும்தான் இப்போது கணக்கு. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம். இந்த முறை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிஸ்கட் வாங்கியவர் எவ்வளவு கேட்டாலும் அவருடைய வழக்கு உள்ளூரிலேயே நடக்கும். அத்துடன், கடை எங்கே இருக்கிறது, நிறுவனத்தின் அலுவலகம் எங்கே என்று தேட வேண்டியதும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பெரிய நிறுவனத்தோடு மோத நினைப்பவருக்கு 2019 சட்டம் செய்த பெரிய உதவி இது என்று சொல்வேன்.

இழப்பீடு 1 லட்சமாகச் சுருங்கியதில் வியப்பில்லை. ஆணையங்கள் நிரூபணமான பாதிப்பைப் பார்த்துக் கொடுக்கின்றன, எழுதிய தொகையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. உண்மையில் 75 காசு நஷ்டத்துக்கு 1 லட்சம் என்பது தாராளம். ஆணையம் அதை வெறும் பிஸ்கட் விலையாகப் பார்க்காமல், நேர்மையற்ற நடைமுறைக்கான இழப்பீடாகப் பார்த்ததால்தான் இந்தத் தொகை. அடையாளம் காண முடியாத ஏராளமான நுகர்வோர் பாதிக்கப்பட்டிருந்தால், விற்ற குறைபாடுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த வாசலுக்குப் போக ஒரு பேட்சின் சில பாக்கெட்டுகள் போதா. ஊர் முழுக்கப் பல கடைகளில், பல பேட்சுகளில் எடுத்த மாதிரி வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமில்லை. அதற்காகத்தான் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற அமைப்பு உண்டானது. திரளான நுகர்வோரைப் பாதிக்கும் விஷயங்களில் தானாகவே விசாரிக்கவும், பொருளைத் திரும்பப் பெறச் சொல்லவும், தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

கடைக்காரர் மீதான புகாரை ஆணையம் தள்ளுபடி செய்தது. ஆலையில் ஒட்டி மூடி வந்த பாக்கெட்டுக்குள் எத்தனை இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நியாயம்தான். ஆனாலும் புகாரில் கடையையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். பாக்கெட் இந்தக் கடையில்தான் வாங்கியது என்பதை நிலைநாட்ட அது உதவும்.

திருச்சூரில் நடந்தது

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பிஸ்கட் வழக்கு கேரளத்தில் நடந்தது. 2019 டிசம்பரில் திருச்சூர் மாவட்டத்தில் ஒருவர் ஒன்று 40 ரூபாய் வீதம் பிரிட்டானியாவின் நியூட்ரி சாய்ஸ் தின் ஆரோரூட் பிஸ்கட் இரண்டு பாக்கெட் வாங்கினார். உறையில் 300 கிராம் என்றிருந்தது. நிறுத்தால் ஒரு பாக்கெட் 268 கிராம், இன்னொன்று 249 கிராம். 2024 மே மாதம் திருச்சூர் மாவட்ட ஆணையம் 50,000 ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. மாநில அளவில் இப்படிப்பட்ட பொட்டலங்களைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவுத் துறைக்கும் உத்தரவிட்டது.

மணலி வழக்கில் இருந்த குழப்பம் எதுவும் இதில் இல்லை. 300 கிராம் பொட்டலத்துக்கு அனுமதித்த பிழை 9 கிராம். இங்கே குறைந்தது 32 கிராமும் 51 கிராமும். ஆறில் ஒரு பங்கு காணாமல் போன பாக்கெட்டை எந்த அட்டவணையாலும் காப்பாற்ற முடியாது. அதோடு அந்தப் புகார்தாரர் வீட்டுத் தராசோடு நிற்கவில்லை. சட்டமுறை எடையளவுத் துறை அதிகாரியிடம் கொண்டுபோய், அவர்கள் கையால் நிறுத்துப் பதிவு செய்துகொண்டார். எடைக் குறைவில் வழக்குப் போட நினைப்பவர்கள் பின்பற்ற வேண்டியது திருச்சூர்க்காரரின் வழியைத்தான். எண்ணிக்கைக் குறைவுக்கு இது தேவைப்படாது. எண்ணிப் பார்க்க ஆய்வகம் வேண்டாம்.

தொகையைப் பாருங்கள். குறைவு பல மடங்கு அதிகமான திருச்சூர் வழக்கில் இழப்பீடு பாதிதான். மாவட்ட ஆணையங்களின் இழப்பீட்டுக்கு வாய்ப்பாடு கிடையாது. ஒன்றின் உத்தரவு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. 'அவருக்கு 1 லட்சம் கிடைத்ததே' என்று நம்பி இறங்கக் கூடாது.

அவரிடம் என்ன இருந்தது

மணலிக்காரர் ஏன் ஜெயித்தார் என்று பார்த்தால், பெரிய சட்ட நுணுக்கம் எதுவும் காரணமில்லை. அவரிடம் பொருள் இருந்தது, உறை இருந்தது, உறையில் பேட்ச் எண் இருந்தது. தின்றுவிட்டு வெறும் உறையோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். முதலில் கடையையும் நிறுவனத்தையும் கேட்டிருந்தார். அவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்லாததே வழக்கின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு பாக்கெட்டாக இல்லாமல் மொத்தமாக வாங்கியிருந்ததும் கைகொடுத்தது. ஒன்றில் குறைந்தால் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஒரே பேட்சில் வரிசையாகக் குறைந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். குறை தெரிந்ததும் கோபத்தில் மீதி பாக்கெட்டையும் பிரித்துவிடுகிறோம். பிரிக்காமல் இரண்டு மூன்றை அப்படியே வைக்க வேண்டும். பிரிப்பதை உறையும் பேட்ச் எண்ணும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பில் தராத கடையில் வாங்கினால் யு.பி.ஐ.யில் பணம் கட்டிய பதிவாவது இருக்கட்டும். அப்புறம், நிறுவனத்துக்கு எழுதுவதை மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ செய்யுங்கள். உறையில் நுகர்வோர் தொடர்பு விவரம் போட வேண்டும் என்பது விதி, தேடினால் இருக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தால் மனம் ஆறும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

மாற்றிக் கொடுத்தால் போதும், பணம் திரும்ப வந்தால் போதும் என்பவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்க்கும் இடம். ஆனால் பெரிய நிறுவனங்களின் பல குறைகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். எடை, எண்ணிக்கை, எம்.ஆர்.பி.க்கு மேல் வசூல் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும் எழுதலாம். அவர்கள் வந்து சோதித்து அபராதம் விதிப்பார்கள். அந்தப் பணம் உங்களுக்கு வராது, அரசுக்குப் போகும். உங்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் ஆணையம்தான்.

ஆணையத்துக்குப் போவது பலர் நினைப்பதுபோல் பயங்கரமானதல்ல. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். சிரமம் எங்கே என்றால் நேரத்தில். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மணலிக்காரர் பிஸ்கட் வாங்கியதிலிருந்து உத்தரவு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. திருச்சூரில் நான்கு ஆண்டு தாண்டியது. உத்தரவுக்குப் பிறகும் எதிர்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இழுத்தடிப்பதற்காகவே மேல்முறையீடு போடுவதை இந்தப் பாதிப் பணம் ஓரளவு தடுக்கிறது. 40 ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை அலைச்சல் தேவையா என்று கேட்டால், பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். அப்படி அலைய யாரோ ஒருவர் தயாராக இருப்பதால் மற்றவர்களுக்கும் பயன் கிடைக்கிறது என்பதும் உண்மை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

இந்த உத்தரவால் வரக்கூடிய ஒரு பின்விளைவும் இருக்கிறது. எண்ணிக்கையைப் போட்டதால்தான் மாட்டினோம் என்று நினைக்கும் நிறுவனம், அடுத்த முறை உறையிலிருந்து எண்ணிக்கையை எடுத்துவிடலாம், அல்லது 'தோராயமாக' என்று பொடி எழுத்தில் சேர்க்கலாம். எண்ணிக்கையை எடுத்துவிடுவதில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. அப்போது வாங்குபவருக்கு மிச்சமிருப்பது நிகர எடைதான். ஆகவே அதைப் பார்க்கும் பழக்கம் வந்தாக வேண்டும்.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. விலையை ஏற்றினால் வாங்குபவர் உடனே கவனிப்பார். எடையைச் சில கிராம் குறைத்தால் கவனிக்க மாட்டார். பாக்கெட்டின் நீளம், படம், நிறம் எல்லாம் அப்படியே இருக்கும், உள்ளே ஒரு பிஸ்கட்டோ ஒரு கைப்பிடி சிப்ஸோ போயிருக்கும். உறையில் புதிய எடையைச் சரியாக எழுதியிருக்கும் வரை இதில் பெரும்பாலும் சட்ட மீறல் கிடையாது, ஆணையத்தில் புகார் நிற்பது கடினம். மணலி பாக்கெட்டில் 15 பிஸ்கட், 74 கிராம் என்று அச்சிட்டுவிட்டு அதே விலைக்கு விற்றிருந்தால் வழக்கே இல்லை. ஏமாற்றத்தைச் சட்டம் தடுக்கும், கவனக்குறைவை அது தடுக்காது.

அதற்கு ஒரு கருவி சில ஆண்டுகளாக உறையிலேயே இருக்கிறது, பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. எம்.ஆர்.பி.க்கு அருகில் பொடியாக ஒரு கிராமுக்கு எத்தனை காசு என்று போட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள பொட்டலத்தில் கிராம் கணக்கு, அதற்கு மேல் கிலோ கணக்கு. எண்ணெய், ஷாம்பு போன்றவற்றில் மில்லி, லிட்டர். இந்த அலகு விலைதான் இரண்டு பாக்கெட்டை நேருக்கு நேர் ஒப்பிட ஒரே வழி. ஒரு நிறுவனத்தின் 70 கிராம் பாக்கெட் 10 ரூபாய், 200 கிராம் பாக்கெட் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியது லாபம் என்று கை தானாகப் போகும். சின்னதில் கிராம் 14 காசுக்குச் சற்று மேல், பெரியதில் 15 காசு. மூன்று சின்னப் பாக்கெட் வாங்கினால் அதே 30 ரூபாய்க்கு 210 கிராம். '25 சதவீதம் கூடுதல்' என்ற மஞ்சள் பட்டையும் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்ற அட்டையும் கண்ணை இழுக்கும்போது, கிராமுக்கு என்ன விலை என்று ஒரு தடவை பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சோப்புக் கட்டுகளில் இது இன்னும் உதவும். நான்கு சோப் கட்டில் ஒவ்வொன்றும் 100 கிராமா 125 கிராமா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறிவிடுவோம்.

உறையே இல்லாத இடத்தில் இந்தக் கருவி இல்லை. இனிப்புக் கடையில் ஒரு கிலோ மைசூர்பாகு கேட்டால், அட்டை டப்பாவோடு சேர்த்துத் தராசில் வைத்து ஒரு கிலோ காட்டும் கடைகள் இன்னும் இருக்கின்றன. டப்பா 70 கிராம், இனிப்பு கிலோ 800 ரூபாய் என்று வைத்தால், 56 ரூபாய் கொடுத்து அட்டை வாங்குகிறோம். மணலிக்காரர் இழந்த 75 காசைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். நிகர எடை என்பது உறையைக் கழித்த எடை. காலி டப்பாவைத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு இனிப்பைப் போடுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தீபாவளிக் கூட்டத்தில் கேட்டால் பின்னால் நிற்பவர் முறைப்பார். கவுண்டரில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் அந்தப் பொத்தானை அழுத்துவார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.